ஒற்றைக் கொரில்லா

1956 டிசம்பர் 22-ம் தேதி காலை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்து மிருகக்காட்சி சாலை. கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டே அங்கே கீப்பராக வேலை பார்த்த வாரன் தாமஸ் என்ற இளைஞர் கொரில்லாக் கூண்டுக்குப் போகிறார். தரையில், பனிக்குடம் கூடக் கிழியாமல், ஒரு குட்டி கிடக்கிறது. தாயை அப்பால் நகர்த்திவிட்டுக் குட்டியை எடுத்தார். பனிக்குடத்தைக் கிழித்தார். மூச்சில்லை. வாயோடு வாய் வைத்து ஊதினார். மூச்சு வந்தது.

மனிதர்களின் பராமரிப்பில் பிறந்த உலகின் முதல் கொரில்லா அதுதான். கொலம்பஸ், ஒஹாயோ என்ற இரண்டு பெயர்களின் முன்பகுதியைச் சேர்த்துக் கோலோ என்று பெயர் வைத்தார்கள். 60 வயது வரை வாழ்ந்து 2017 ஜனவரியில் இறந்தது.

இந்தக் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது பிறப்பு இல்லை, அதற்கு முந்தைய ஒரு விவரம். கோலோவின் பெற்றோரான மில்லி கிறிஸ்டினாவையும் பேரன் மகோம்போவையும் ஒன்றாக விடக்கூடாது என்பது நிர்வாகத்தின் முடிவு. ஆண் பெண்ணைக் கொன்றுவிடும் என்று பயம். விலை உயர்ந்த மிருகங்கள் ஆயிற்றே. தாமஸ்தான் யாருக்கும் தெரியாமல் இரண்டையும் ஒன்றாக விட்டார். அதாவது, வரலாற்றின் முதல் ஜூ கொரில்லாப் பிறப்பு ஒரு விதிமீறலில் நடந்தது.

ஐரோப்பாவில் உயிருள்ள கொரில்லா ஒன்று முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது 1855-ல். அதிலிருந்து கோலோ பிறக்க 101 வருடம் ஆகியிருக்கிறது. சிங்கமும் புலியும் கூண்டில் குட்டி போட்டுத் தள்ளிய காலம் அது. கொரில்லாவுக்கு மட்டும் ஏன் நூறு வருடம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஆறேழு மாதமாகச் சேர்த்த குறிப்புகளைத்தான் கீழே கோர்த்திருக்கிறேன். சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜூக்கள் கொரில்லாவைத் தப்பான அலகில் எண்ணிக்கொண்டிருந்தன. அவை 'ஒன்று' என்று எண்ணியது, உண்மையில் ஒன்றின் ஒரு துண்டு.

பன்னிரண்டு நாள் விருந்தாளிகள்

கொரில்லாவை அறிவியல் உலகம் முறையாக அறிந்தது 1847-ல். தாமஸ் சாவேஜ் என்ற மிஷனரி மருத்துவரும் ஜெஃப்ரிஸ் வைமன் என்ற உடற்கூறு அறிஞரும் மண்டை ஓடுகளையும் எலும்புகளையும் வைத்து அதை விவரித்தார்கள். எட்டு வருடத்தில் இங்கிலாந்தில் வூம்ப்வெல்லின் ஊர்சுற்றும் மிருகக் கண்காட்சியில் ஜென்னி என்ற குட்டி வந்து சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அதைச் சிம்பன்சி என்று சொல்லித்தான் காட்டினார்கள். சில மாதங்களில் செத்துப்போனது.

அடுத்த ஐம்பது அறுபது வருடமும் இதே கதைதான். 1876-ல் பெர்லினுக்கு வந்த குட்டி அடுத்த வருடமே இறந்தது. 1911-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் ஜூவுக்கு வந்தது பன்னிரண்டே நாள். அந்த ஜூவின் தலைவர் வில்லியம் ஹார்னடே, வளர்ந்த கொரில்லாவை எந்த ஜூவிலும் யாரும் பார்க்கப் போவதில்லை என்கிற அளவுக்கு நம்பிக்கை இழந்து எழுதினார்.

ஏன் செத்தன? முதலில் அவை எப்படி வந்தன என்று பார்க்க வேண்டும். வளர்ந்த கொரில்லாவைப் பிடிக்க முடியாது. குட்டியைத்தான் பிடிக்க முடியும். குட்டியைப் பிடிக்கத் தாயைச் சுட வேண்டும். குட்டியைக் காக்க ஓடிவரும் ஆணையும் பெரும்பாலும் சுட வேண்டும். ஆக, கப்பலில் ஏறிய ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் கலைந்திருக்கிறது. காட்டில் மூன்று நான்கு வருடம் தாய்ப்பால் குடிக்கும் குட்டி அது. பால் மறக்காத வயதில் கப்பல் பயணம், மனிதச் சாப்பாடு, மனிதர்களின் சளி, நிமோனியா, காசநோய். தாங்குமா?

ஒரு குட்டி விதிவிலக்காக இருந்தது. 1918-ல் லண்டனில் ஒரு கடையிலிருந்து வாங்கப்பட்ட ஜான் டேனியல். அலைஸ் கன்னிங்ஹாம் என்ற பெண்மணி அதைத் தன் வீட்டில் பிள்ளை மாதிரி வளர்த்தார். அவர்களுடைய கிராமத்தில் குழந்தைகளோடு சுற்றித் திரிந்தது. பெரிதானதும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 1921-ல் விற்றார்கள். கடைசியில் நியூயார்க்கில் சர்க்கஸ் கூண்டில் போய் நின்று, சில வாரங்களில் இறந்தது. பிரிவு தாங்காமல் செத்தது என்று இன்றும் சொல்கிறார்கள். மருத்துவக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஜூக்களில் மாதக் கணக்கில் செத்துக்கொண்டிருந்த ஒரு மிருகம், மனிதக் குடும்பம் ஒன்று கிடைத்ததும் மூன்று வருடம் ஆரோக்கியமாக வளர்ந்தது. துணைதான் மருந்து என்பதற்கான முதல் தடயம் இது. அன்று யாரும் அதை அப்படிப் படிக்கவில்லை.

கண்ணாடியும் டைல்ஸும்

மாறாக, ஜூக்கள் எடுத்துக்கொண்ட பாடம் 'கிருமி'. அந்தக் காலத்து அறிவுக்கு அது நியாயமான பாடம்தான்.

இதில் முன்னோடி ஃபிலடெல்ஃபியா ஜூ. 1901-லேயே இறந்த மிருகங்களை ஆராய்வதற்கென்று பென்ரோஸ் ஆய்வகத்தைத் தொடங்கியவர்கள். குரங்கினங்களைக் கொல்வது பார்வையாளர்களின் இருமல்தான் என்பதால் கூண்டுக்கு முன்னால் கண்ணாடி வந்தது. கழுவிவிட வசதியாகச் சுவரெல்லாம் டைல்ஸ், தரையெல்லாம் சிமென்ட். 1935-ல் ஹெர்பர்ட் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர், ஊட்டச்சத்தைக் கணக்குப் போட்டுச் சமைத்த ஒரு கேக் மாதிரியான உணவை அறிமுகப்படுத்தினார். இன்று மிருகங்களுக்குப் போடும் பிஸ்கட் உணவுகளுக்கு அது தாத்தா.

பலன் கிடைத்தது. அந்த ஜூவின் பாம்பூ என்ற ஆண் 1927-ல் வந்து 1961 வரை வாழ்ந்தது. அடுத்து வந்த மாஸா 1935-லிருந்து 1984 டிசம்பர் வரை, 54 வயது வரை. ஹார்னடே பார்க்கவே முடியாது என்று சொன்ன வளர்ந்த ஆண் கொரில்லா இப்போது ஊருக்கு ஊர் தயார். பெர்லினில் பாபி, சிகாகோவில் புஷ்மேன், இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆல்ஃபிரட், லண்டனில் கை. ஒவ்வொன்றும் அந்தந்த ஊரின் செல்லப்பிள்ளை. பேப்பரில் படம், தபால் அட்டையில் படம். பாபி பெர்லின் ஜூவின் சின்னமாகவே ஆகிவிட்டது.

ஆனால் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். எல்லாம் ஆண். எல்லாம் ஒற்றை. லண்டனின் கை 1947 நவம்பர் 5-ம் தேதி வந்தது. அதற்குத் துணையாக லோமி என்ற பெண்ணைக் கொண்டுவந்தது 1969-ல். இருபது வருடத்துக்கு மேல் தனிமை. குட்டி எதுவும் பிறக்கவில்லை. கூண்டுக்குள் வரும் சிட்டுக்குருவியைக் கையில் பிடித்து, உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பறக்கவிடும் என்று கையைப் பற்றி ஒரு தகவல் எல்லாரும் சொல்வார்கள். மென்மையான ராட்சசன் என்று ரசிப்பதற்காகச் சொல்வது. எனக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. இத்தனை வருடத்தில் அதன் கைக்கு எட்டிய வேறு உயிர் எது?

மாஸாவின் கதை இன்னும் மோசமான நகைச்சுவை. கெர்ட்ரூட் லிண்ட்ஸ் என்பவர் நியூயார்க்கின் புரூக்ளினில் தன் வீட்டில் வளர்த்த அதைப் பெண் என்று நினைத்து, பாம்பூவுக்கு ஜோடியாகத்தான் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது ஆண். சிறு வயதுக் கொரில்லாவில் ஆண் பெண் அடையாளம் காண்பது கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். சண்டை வந்தது, பிரித்துவிட்டார்கள். அப்புறம் அரை நூற்றாண்டு அது தனியாகவே இருந்தது.

உடம்பு பிழைத்துவிட்டது. அடுத்த கேள்வி உடம்பைப் பற்றியது இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

தெரியாமலேயே பிறந்த குட்டி

இங்கே தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது முக்கியம். கோலோ பிறந்தது 1956. ஜார்ஜ் ஷேலர் காங்கோவின் விருங்கா மலையில் கொரில்லாக்களை மாதக் கணக்கில் பின்தொடர்ந்து பார்க்க ஆரம்பித்தது 1959. அவருடைய நூல் வந்தது 1963. டயன் ஃபாஸி ருவாண்டாவில் முகாம் போட்டது 1967. அதாவது கோலோ பிறந்தபோது, காட்டில் கொரில்லா எப்படி வாழ்கிறது என்று ஜூக்காரர்களுக்குச் சொல்ல முறையான ஆய்வு எதுவுமே இல்லை. வேட்டைக்காரர்களின் கதைகள்தான் இருந்தன. மார்பில் அடித்துக்கொண்டு பாயும் பூதம். கிங் காங் படம் 1933-ல் வந்தது. கொலம்பஸ் நிர்வாகம் ஜோடி சேர்க்கப் பயந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

காட்டில் ஷேலரும் ஃபாஸியும் பார்த்தது வேறு. முதுகில் நரைத்த முடி படர்ந்த ஒரு பெரிய ஆண், வெள்ளிமுதுகு என்பார்கள். அதைச் சுற்றிச் சில பெண்கள், குட்டிகள், வளரும் பிள்ளைகள். பெரிய ஆண் எங்கே உட்கார்கிறதோ அங்கே கூட்டம் உட்காரும். எழுந்தால் எழும். பெண்களுக்குள் சண்டை வந்தால் நடுவில் போய் நிற்பது அதன் வேலை. பெண் பருவம் வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு ஆணிடம் போய்விடும். இளம் ஆண்களும் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெரும்பாலும் வெளியேறிவிடும்.

இந்தக் கடைசி விவரம் ஜூக்களின் இன்னொரு புதிரையும் அவிழ்க்கிறது. பணக்கார ஜூக்கள் ஒரு ஆண் குட்டி, ஒரு பெண் குட்டி என்று ஜோடியாக வாங்கி ஒரே கூண்டில் வளர்த்தன. பெரிதானதும் பல ஜோடிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை. குழந்தையிலிருந்து சேர்ந்து வளர்ந்தால் அண்ணன் தங்கை மாதிரிதான் ஆகும். இதைச் சொல்ல நம் பாட்டிமார் போதும். ஜூக்காரர்களுக்குப் புரியப் பல வருடம் ஆனது.

கோலோவின் சொந்த வாழ்க்கையும் இதைத்தான் சொல்கிறது. குட்டியாக மனிதர்கள் வளர்த்தார்கள். வளர்ந்து மூன்று குட்டிகள் போட்டது. முதல் குட்டி எம்மி 1968-ல். மூன்றையுமே அதனிடமிருந்து எடுத்து மனிதர்கள் வளர்த்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. தாய்க்கு வளர்க்கத் தெரியாது, குட்டி செத்துவிடும் என்ற பயம். ஆனால் அப்படி வளர்ந்த குட்டி, தாய் எப்படிக் குட்டியைப் பிடிக்கும் என்று பார்க்காமலேயே பெரிதாகும். அது தாயாகும்போது அதற்கும் தெரியாது. மறுபடி மனிதர்கள் எடுப்பார்கள். சாஃப்ட்வேரில் இதற்கு நல்ல ஒப்பீடு உண்டு: ஒரு பிழையை மறைக்க எழுதிய தற்காலிகத் தீர்வே அடுத்த பிழைக்குக் காரணம் ஆவது.

அம்மா என்பது கற்றுக்கொள்வது

இந்தச் சங்கிலி முதலில் அறுந்தது சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து ஜூவில். 1959 செப்டம்பரில் அங்கே கோமா என்ற பெண் குட்டி பிறந்தது. ஐரோப்பாவில் முதல், உலகில் இரண்டாவது. தாய் அகிலா குட்டியை விடாமல் கையில் வைத்திருந்தது, ஆனால் பால் குடிக்கிற வாக்கில் பிடிக்கத் தெரியவில்லை. இயக்குநர் எர்ன்ஸ்ட் லாங் குட்டியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். அங்கேதான் அது வளர்ந்தது.

1961 ஏப்ரலில் அகிலாவுக்கு இரண்டாவது குட்டி, ஜாம்போ. இந்த முறை குட்டியைத் தாயிடமே விட்டார்கள். அகிலா பிடித்துக்கொண்டது, பால் கொடுத்தது. ஜூவில் தன் சொந்தத் தாயால் வளர்க்கப்பட்ட முதல் கொரில்லா ஜாம்போ.

ஜாம்போவின் பெயர் பலருக்கு வேறு காரணத்தால் தெரிந்திருக்கும். 1972-ல் அது ஜெரால்ட் டரல் நடத்திய ஜெர்சி தீவின் ஜூவுக்கு மாறியது. 1986 ஆகஸ்ட் 31, ஐந்து வயதுப் பையன் ஒருவன் கொரில்லாப் பள்ளத்தில் விழுந்து மயங்கிக் கிடந்தான். ஜாம்போ பக்கத்தில் போனது, முதுகைத் தடவிப் பார்த்தது, பையனுக்கும் மற்ற கொரில்லாக்களுக்கும் நடுவில் போய் நின்றது. யாரோ எடுத்த வீடியோ உலகம் முழுக்க ஓடியது. தாய் வளர்த்ததால்தான் இப்படி நடந்துகொண்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வீடியோவில் இருப்பது பூதம் இல்லை. கூட்டத்தில் வளர்ந்து, கூட்டத்தை நடத்தப் பழகிய ஒரு பெரிய ஆண். அது செய்ததும் ஒரு வெள்ளிமுதுகு தினமும் செய்கிற வேலைதான்.

இன்று தாய் குட்டியை ஒதுக்கினால் என்ன செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். 2013 ஜனவரியில் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் பிறந்த கிளாடிஸ் என்ற குட்டியைத் தாய் ஏற்கவில்லை. சின்சினாட்டி ஜூவுக்கு அனுப்பினார்கள். அங்கே கீப்பர்கள் கறுப்பு உடையும் முடி வைத்த மேலங்கியும் போட்டுக்கொண்டு, முதுகில் குட்டியைச் சுமந்து, கொரில்லா மாதிரி உறுமிக்கொண்டு இராப்பகலாக மாறி மாறி இருந்தார்கள். எல்லாம் கொரில்லாக்களின் கண்முன்னால், வலைக்கு இந்தப் பக்கம். குட்டிக்குக் கொரில்லா வாசமும் சத்தமும் பழக வேண்டும் என்பதற்காக. சில மாதத்தில் வளர்ப்புத் தாய் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். 1956-ல் குட்டியை மனிதக் குழந்தை மாதிரி வளர்த்தார்கள். 2013-ல் மனிதர்கள் கொரில்லா மாதிரி நடித்தார்கள். நடுவில் இருக்கும் தூரம்தான் இந்த வரலாறு.

கதவுகளின் கணக்கு

கூட்டம்தான் அலகு என்று புரிந்ததும் கட்டடம் மாற வேண்டியிருந்தது. சியாட்டில் நகரத்தின் உட்லண்ட் பார்க் ஜூவில் 1953-லிருந்து 1968 வரை போபோ என்ற ஆண் இருந்தது. ஒரு மீனவர் குடும்பம் வீட்டில் பிள்ளையாக வளர்த்துக் கொடுத்தது. ஃபிஃபி என்ற பெண் துணை இருந்தும் வாரிசு இல்லை. அதே ஜூவில்தான் 1970களின் கடைசியில், ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் என்ற நிலவடிவமைப்பு நிறுவனம் மரமும் புதரும் புல்லும் பாறையுமாக ஒரு வெளியை உருவாக்கியது. ஃபாஸியிடம் ஆலோசனை கேட்டார்கள். மரத்திலிருந்து விழும், செடியைப் பிடுங்கும், சளி பிடிக்கும் என்றெல்லாம் எதிர்ப்பு இருந்தது. கதவு திறந்தது. கிக்கி என்ற ஆண் முதலில் வெளியே வந்தது. உலகம் முழுக்க இதைப் பார்த்துக் கட்டினார்கள்.

பார்வையாளர் கண்ணுக்குத் தெரிவது மரம். வேலை நடப்பது பின்கட்டில். கொரில்லாக் கூட்டத்தை வைக்கும் நவீனக் கட்டடத்தில் இரவு அறைகள் ஒன்றோடொன்று வட்டமாக இணைந்திருக்கும். ஒவ்வொரு அறைக்கும் குறைந்தது இரண்டு வழி. முட்டுச்சந்து இருந்தால் துரத்தப்படும் மிருகம் மாட்டிக்கொள்ளும். புதிய பெண் வந்தால் முதலில் வாசம், பிறகு வலைக்கு அப்பால் முகம், பிறகு விரல் தொடும் அளவு இடைவெளி, பிறகுதான் ஒரே அறை. வாரக் கணக்கு, சில சமயம் மாதக் கணக்கு. வெளியில் புதரும் பாறையும் அழகுக்கு மட்டும் இல்லை. பெரிய ஆணின் பார்வையிலிருந்து கொஞ்ச நேரம் மறைந்திருக்க ஒரு பெண்ணுக்கு வேண்டிய திரை அது. நகரத்து ஜூவில் நிலம் குறைவு. அதனால் பரப்பளவை விட வழிகளின் எண்ணிக்கை முக்கியம். கூட்டுக் குடும்பம் இருந்த பழைய வீடுகளின் கொல்லைப்புறக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாற்றத்தின் மிக நெகிழ்ச்சியான உதாரணம் அட்லாண்டாவின் வில்லி பி. 1961-ல் குட்டியாக வந்தது, மேயரின் பெயர் வைத்தார்கள். 27 வருடம் உள்ளறைக் கூண்டு. விளையாட ஒரு டயர், பார்க்க ஒரு டிவி. 1980களில் அந்த ஜூவின் நிலைமை தேசிய அளவில் நாறியது. டெர்ரி மேப்பிள் என்ற குரங்கின ஆய்வாளர் பொறுப்பேற்று எல்லாவற்றையும் இடித்துக் கட்டினார். 1988-ல் வில்லி பி முதன்முறையாக வெளியே புல்லில் கால் வைத்தது. பெண்களோடு சேர்த்தார்கள். முப்பது வயது தாண்டிய, வாழ்க்கை முழுதும் தனியாக இருந்த ஆணால் இனி என்ன முடியும் என்றுதான் தோன்றும். 1994-ல் குட்ஸூ என்ற மகள் பிறந்தது. மொத்தம் ஐந்து குட்டிகள். 2000 பிப்ரவரியில் அது இறந்தபோது ஆயிரக்கணக்கானோர் அஞ்சலிக்கு வந்தார்கள்.

சந்தோஷ முடிவு எல்லாவற்றுக்கும் இல்லை. டக்கோமா நகரத்தில் ஒரு கடை வளாகத்தில் 27 வருடம் சிமென்ட் கூண்டில் தனியாக இருந்த ஐவனும் 1994-ல் இதே அட்லாண்டாவுக்குத்தான் வந்தது. 2012 வரை வாழ்ந்தது. குட்டிகள் இல்லை. தனிமையிலிருந்து மீள முடியும் என்பது உண்மை. எல்லாராலும் முடியும் என்பது இல்லை.

பதிவேடும் டிம்மியும்

1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தம் கொரில்லா வியாபாரத்தின் கதவை ஏறக்குறைய மூடியது. இனி காட்டிலிருந்து வாங்க முடியாது. இருப்பதை வைத்துத்தான் பெருக்க வேண்டும். ஜூக்களில் இருப்பவை அநேகமாக எல்லாம் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்கள். அவற்றின் சர்வதேச வம்சப் பதிவேட்டை ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் ஜூ பராமரிக்கிறது. எந்தக் கொரில்லா, யாருடைய பிள்ளை, எங்கே பிறந்தது, இப்போது எங்கே, எல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒருங்கிணைந்த இனப்பெருக்கத் திட்டங்கள் 1980களில் வந்தன. எந்த மரபு வரிசைக்கு வாரிசு குறைவு என்று பார்த்து, எது எங்கே போக வேண்டும் என்று பரிந்துரைப்பார்கள். ஒரு ஜூ இன்னொன்றுக்கு விற்பதில்லை. கடனாக அனுப்புவதுதான் வழக்கம்.

டேட்டாபேஸில் வேலை செய்கிறவன் என்ற முறையில் இதை ரசிக்கிறேன். அதே காரணத்தால் இதன் ஆபத்தும் தெரிகிறது. அட்டவணையில் ஒரு வரியை இங்கிருந்து அங்கே நகர்த்துவது சுலபம். வரிக்கு அழத் தெரியாது.

1991-ல் கிளீவ்லண்டில் நடந்தது இதுதான். டிம்மி என்ற ஆண் பல வருடம் தனியாக இருந்துவிட்டு, ஒரு வழியாகக் கேட் என்ற பெண்ணோடு ஒட்டிக்கொண்டது. இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருந்தன. ஆனால் கேட்டால் குட்டி பெற முடியாது. டிம்மி காட்டில் பிறந்தது. அதன் மரபணுவுக்கு வாரிசே இல்லை. திட்டம் டிம்மியை பிராங்க்ஸுக்கு அனுப்பச் சொன்னது. ஊர் கொதித்தது. விலங்கு உரிமை அமைப்பினர் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தடுக்கவில்லை. டிம்மி போனது. பிராங்க்ஸில் 13 குட்டிகளுக்குத் தந்தையாகி, பெரிய கூட்டத்தின் தலைவனாக இருந்து, பிறகு லூயிவில் நகரத்துக்குப் போய் 2011-ல் 52 வயதில் இறந்தது.

யார் சரி? பிராங்க்ஸ் கணக்குப்படி ஜூ ஜெயித்தது: ஒற்றை ஆண் ஒரு முழுக் கூட்டத்தைப் பெற்றது. ஆனால் இந்தக் கணக்கில் டிம்மியின் வரவு இருக்கிறது, கேட்டின் இழப்பு இல்லை. பெற முடியாத பெண்ணுக்குப் பதிவேட்டில் இடம் சுருங்குவது கொரில்லாவோடு நிற்கிற விஷயம் இல்லை என்பதால், இந்த வழக்கை நான் லேசாகத் தாண்ட முடியவில்லை. இனத்தைக் காப்பது நியாயம்; அதற்காக ஓர் உயிரைப் பிரிப்பதும் சில சமயம் தேவைப்படலாம். அப்படிப் பிரிக்கும்போது மிச்சப்படுவதற்கு என்ன ஏற்பாடு என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

மிச்சமாகும் ஆண்கள்

வெற்றி பெற்றதும் புதுப் பிரச்சினை வந்தது. கூட்டத்துக்கு ஒரு வெள்ளிமுதுகு, மூன்று நான்கு பெண்கள். பிறக்கும் குட்டிகளில் பாதி ஆண். நூறு பிறந்தால் ஐம்பது ஆண். குடும்பத் தலைவன் இடம் பத்துப் பதினைந்துக்குத்தான். காட்டில் மிச்ச ஆண்கள் தனியாகத் திரியும், சண்டையிடும், பல செத்துப்போகும். ஜூவில் நல்ல மருத்துவர் இருக்கிறார், சாவதில்லை. தந்தை வளர்ந்த மகனைக் கூட்டத்தில் பொறுக்காது. எங்கே அனுப்புவது?

ஒரு பதில், பிரம்மச்சாரிக் குழுக்கள். ஆண்களை இளம் வயதிலேயே சேர்த்து வளர்ப்பது. கேனரித் தீவுகளின் லோரோ பார்க்கே இதற்குப் பேர்போனது. சகோதரர்களாக இருந்தால், பெண் வாசனையே இல்லாத இடமாக இருந்தால், பல வருடம் நன்றாகவே போகிறது. வயது ஏற ஏறச் சில குழுக்கள் உடைகின்றன. ஐரோப்பாவில் சில இளம் ஆண்களுக்கு விதைநீக்கம் செய்து, பிறந்த கூட்டத்திலேயே தங்கவைத்துப் பார்க்கிறார்கள். கேட்கச் சங்கடமாக இருக்கிறது. மாற்று வழி தனிக்கூண்டு என்றால் இன்னும் சங்கடம்.

இந்தப் பிரச்சினையின் ஒரு நுனி நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மைசூர் ஜூவில் போலோ என்ற ஆண் கொரில்லா நாட்டிலேயே ஒரே கொரில்லாவாகப் பல வருடம் தனியாக இருந்து 2014-ல் இறந்தது. 2021-ல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்று இரண்டு வந்தன. இரண்டும் ஆண், சகோதரர்கள். இவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தும் ஏன் ஜோடியாக அனுப்பவில்லை என்று பலருக்குத் தோன்றும். மேலே சொன்ன கணக்குதான் பதில். ஐரோப்பாவில் பெண்ணுக்குத் தட்டுப்பாடு, ஆணுக்கு இடத் தட்டுப்பாடு. போலோவுக்குக் கிடைக்காத ஒரு தம்பி தாபோவுக்குக் கிடைத்திருக்கிறது என்பதே ஒரு முன்னேற்றம்தான்.

அது கூட எல்லா ஊருக்கும் வந்து சேரவில்லை. பாங்காக்கில் பாட்டா என்ற பல்பொருள் அங்காடியின் மேல்மாடி ஜூவில் புவா நோய் என்ற பெண் கொரில்லா வருடக் கணக்கில் தனியாக இருப்பதைப் பற்றிச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. 1930களின் கூண்டு இன்னும் கடந்த காலம் ஆகிவிடவில்லை.

நகரத்து ஜூக்களில் கொரில்லாவை வைக்கவே கூடாது என்று சொல்பவர்களிடம் எனக்கு முழு மறுப்பு இல்லை. இனப்பெருக்கத் திட்டத்தில் பிறக்கும் குட்டிகள் ஏறக்குறைய எல்லாம் ஜூவிலேயே வாழ்ந்து ஜூவிலேயே சாகும்; காட்டுக்குத் திரும்பியவை மிகச் சில. ஆனால் இப்போது இருப்பவை காட்டை அறியாதவை. அவற்றுக்கு நாம் தரக்கூடியது காடு இல்லை, இன்னொரு கொரில்லா.

மைசூர் போனால் அடைப்புக்கு முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். மார்பில் அடித்துக் காட்டுமா என்று காத்திருக்க வேண்டாம். அண்ணன் எழுந்தால் தம்பி எழுகிறதா, எவ்வளவு தூரம் விட்டு உட்கார்கிறது, யார் யாருக்கு வழி விடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஜூக்கள் நூறு வருடமாகப் பார்க்கத் தவறியது அதைத்தான்.